வளைகுழற்போரும் இருபத்திரண்டு உடைகளும்

வாழ்க வளைகுழலோன்! இடக்காதோரம் நிமிர்ந்து நிற்கும் இரண்டு சாண் குழாயையே கொடியாகவும் குடையாகவும் செங்கோலாகவும் கொண்டவன். துடுப்புக் காலணி பூண்டு தரையில் நடக்கையில் தடுக்கி விழுந்தாலும் தளராதவன். முதுகில் காற்றுருளையும் இடையில் ஈயக்கட்டியும் சுமந்து, ஆழ்கடலுக்குள் அழைத்துப் போனவர்களை ஒருவர் குறையாமல் எண்ணித் திருப்பிக் கொணரும் எண்ணரும் புகழோன். முக்குளிப்புப் பள்ளி நடத்தும் அக்காளின் ஒரே தம்பி. அலைகளே, சற்று அடங்குங்கள். அவன் போருக்குப் போன கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போரின் வித்து, பள்ளியின் பின்னறைச் சுவரில் தொங்கிய பலகையில் முளைத்தது. கடலில் இறங்குவோர் கொண்டுசெல்ல வேண்டியவை அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. கடைசி வரி ‘ஸ்நார்க்கல்’, அதாவது நீர்மட்டத்தில் முகம் கவிழ்த்தபடியே மூச்சுவிட உதவும் வளைகுழல். அந்த வரியை அழிக்க ஈரத்துணியோடு எழுந்தருளினார், காற்றடைக்கும் இயந்திரத்தின் காவலரும் அக்காளின் கணவருமான அத்தான்.

“முதுகுல ஒரு சிலிண்டர் காத்தைக் கட்டிக்கிட்டுப் போறவனுக்கு இந்தக் குழாய் எதுக்கு? கண்ணாடி வாரை இழுக்கும், கயித்துல மாட்டும். ரெயின்கோட்டும் போட்டுக்கிட்டு குடையும் பிடிச்ச மாதிரி!” என்று முழங்கினார் அவர்.

“மேல வந்து பாத்தா போட் தூரமா நிக்குது, சிலிண்டரும் காலின்னா? அலையைக் குடிச்சுக்கிட்டே வருவீங்களா அத்தான்?” என்று இடித்துரைத்தான் வளைகுழலோன்.

பலகையின் ஒரு வரிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பவர்கள், பள்ளியின் வாடகை உடைகளை முகர்ந்து பார்க்காதவர்கள். அவை மொத்தம் இருபத்திரண்டு. உடலோடு ஒட்டிய அந்தக் கருங்கவசங்களுக்குள், முதன்முதலாகக் கடலில் இறங்கும் கற்றுக்குட்டிகள் அச்சத்தாலும் குளிராலும் அந்தரங்கமாகப் பெய்துவிடும் வெதுவெதுப்பான அருவியை, நாள்தோறும் மாலையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு அலசிக் களையும் அரும்பணி, இளையவன் என்ற ஒரே குற்றத்துக்காக மூன்று ஆண்டுகளாக நம் நாயகன் தலையில் விடிந்திருந்தது. தோற்றவர் இனி அதைச் செய்ய வேண்டும் என்று இருவரும் அக்காள் முன்னிலையில் சூளுரைத்தனர். அவனுக்கு வெற்றி அவ்வளவு தேவைப்பட்டது.

களம் குறிக்கப்பட்டது. சிவப்பு மிதவையிலிருந்து படகின் ஏணி வரை இருநூறு மீட்டர் நீச்சல்; முதலில் ஏணியைத் தொடுபவரே வென்றவர். உருளையின் காற்றைத் தொடலாகாது. மாமன் மச்சான் இருவரும் முழுக்கோலத்தில், தம்பி குழாயோடும் அத்தான் குழாயின்றியும், மிதவையருகே குதித்தனர். படகைத் திருப்பி எதிர்முனையில் நிறுத்திய அக்காள், பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக்கொண்டு விசில் ஊதினாள்.

வளைகுழலோன் குழாயைக் கவ்வி, முகம் கவிழ்த்து, ஏணியில் கைபடும் வரை தலை தூக்குவதில்லை, தூக்கினால் அது குழலுக்கே இழுக்கு என்று சபதமேற்றுப் பாய்ந்தான். என்ன சுகம்! மேலே அலைகள் குமுற, கீழே அவன் தொட்டிலில் கிடப்பவன்போல மூச்சிழுத்தபடி, மணல்வெளியையும் மீன்கூட்டத்தையும் பார்வையிட்டவாறு, வருங்கால மாலைகளில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கும் தன் திருக்கோலத்தை எண்ணிப் பூரித்து நீந்தினான், நீந்தினான், நீந்திக்கொண்டே இருந்தான்.

அத்தானோ மல்லாந்தார். வானம் பார்த்த வயிறு தீவுபோல் எழ, “பாத்தியாடா மச்சான், குழா—” என்று பிரகடனம் தொடங்கியபோது முதல் அலை வாய்க்குள் குடிபுகுந்தது. மிச்சத்தைச் சொல்ல வாய் திறந்தபோது இரண்டாவது புகுந்தது. ஆனாலும் பேசாமலிருக்க அவரால் முடியவில்லை. இருமி, துப்பி, புரண்டு, திசை மறந்து, கால்களை ஆவேசமாக உதைத்து, கடைசியில் தலையில் முட்டிய பொருளை ஏணியென்று கட்டித் தழுவினார். அது சிவப்பு மிதவை.

அதே வேளையில் வளைகுழலோன் ஏணியைத் தொட்டான். தாவி ஏறினான். குழாயை உருவி வானுக்கு உயர்த்தி, “ஜெயிச்சுட்டேன்!” என்று எட்டுத்திக்கும் அதிர முழங்கினான். எதிரே தூண்டிலோடு உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத மூன்று பேர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்கள். “யாருப்பா நீ?” என்றார் ஒருவர். உண்மையைச் சொன்னால், அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்காள் படகை ஓட்டிவந்து, மிதவையிலிருந்து கணவனையும் அயலார் படகிலிருந்து தம்பியையும் பொறுக்கியெடுத்தாள். குடித்த உப்புநீரைத் துப்பியபடி ஒருவர் ஓரத்தில் சாய்ந்து கிடக்க, இன்னொருவன் குழாயை முதுகுக்குப் பின்னால் மறைத்து நிற்க, அவள் தீர்ப்பு வழங்கினாள்.

“ஒருத்தன் கீழேயே பாத்துக்கிட்டுப் போனான், ஒருத்தர் மேலேயே பாத்துக்கிட்டுப் போனார். போட் எங்க நிக்குதுன்னு யாராவது பாத்தீங்களா? இனிமே குழாயைப் பைக்குள்ள வச்சுக்கங்க. வேணும்னா எடுங்க. தலையைத் தூக்கிப் பாக்கணும்னு பலகையில நான் எழுதிக்கறேன். நம்ம ஏணியை ரெண்டு பேரும் தொடல, அதனால ரெண்டு பேருமே தோத்துட்டீங்க.”

கடல் அடங்கியது. காற்று அடங்கியது. பெருவீரர் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், கரை வரும்வரை படகின் எதிரெதிர் ஓரங்களில் வீற்றிருந்தனர்.

சாயங்காலம் ஆளுக்குப் பதினொன்றாக உடைகளை அலசிக் காயப்போட்டார்கள்.