எண்பதில் போகிறவர்

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களை நான் இரண்டாகப் பிரிப்பேன். சாலையைப் பார்த்து ஓட்டுகிறவர்கள் ஒரு ரகம். மீட்டர் முள்ளைப் பார்த்து ஓட்டுகிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள். நாம் பார்க்கப்போவது இரண்டாவது ஆசாமியை. இவருக்கு முள்ளன்பர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். கடையிலிருந்து வந்த வண்டி வந்தபடியே இருந்தால் இவருக்குத் தூக்கம் வராது. கைப்பிடியை மாற்றுவார், சீட்டைச் செதுக்குவார், பக்கக் கண்ணாடிகளைக் கழற்றிப் பரணில் போடுவார், சைலன்சரை மாற்றித் தெருவில் தூங்குகிற குழந்தைகளை ஒன்று விடாமல் எழுப்புவார், எல்லாம் முடிந்து கடைசியில் சக்கரத்தில் வந்து நிற்பார். எங்கள் தெரு முள்ளன்பர், பார்க்க அழகாக இருக்கும் என்று, முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதைவிடச் சின்னதாக ஒன்றை மாட்டினார். அங்கேதான் வந்தது வினை.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை, கேளுங்கள். அந்த வண்டியின் மீட்டர் முன்சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணித்தான் வேகம் சொல்கிறது. சின்னச் சக்கரம் அதே தூரத்துக்கு அதிகமாகச் சுற்றும். ஆகவே வண்டி அறுபத்திரண்டில் போனால் முள் எண்பதில் போய் உட்காரும். ஐம்பது கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் அறுபத்து நாலு என்று கணக்குக் காட்டும். வேகமும் கூடிவிட்டது, மைலேஜும் கூடிவிட்டது. ஒரே வண்டியில் இரண்டும் கிடைத்தால் மனிதனுக்குச் சந்தேகம் வர வேண்டாமா?

முள்ளன்பருக்கு வரவில்லை. "எல்லாம் செட்டிங்ல இருக்கு" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை முடிவெட்டும் கடையில் சொன்னார், அலுவலகப் படிக்கட்டில் சொன்னார், வீட்டுக்கு அளவெடுக்க வந்த தச்சரைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப்போய் மீட்டரைக் காட்டியும் சொன்னார். சாலையோரத்துக் கிலோமீட்டர் கல் தன் மீட்டரோடு ஒத்துப்போகாததைக் கவனிக்காமல் இல்லை. கவனித்தார். கல்லைத் தப்பாக நட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாமே, அவளாவது ஒரு கூடத்தோடு விட்டாள். இவர் நெடுஞ்சாலை முழுவதையும் கோணலாக்கிவிட்டார்.

இந்த அளவில் நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள். படித்து முடித்து ஒன்றரை வருஷம், இருபத்து மூன்று விண்ணப்பம், வந்தது ஒரே ஓர் அழைப்பு. அறுபது கிலோமீட்டர் தள்ளி ஓர் அலுவலகத்தில், காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. அவள் ஏழு மணிக்கே கிளம்பி நின்றாள்.

"ஏம்மா பறக்கற? எண்பதுல போனா நாப்பத்தஞ்சு நிமிஷம். ஒம்பது பத்துக்குக் கிளம்பினா அஞ்சு நிமிஷம் மிச்சம்" என்றார் அப்பா.

பாதி வழியில் பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்பா, போன்ல அறுபத்திரண்டுதான் காட்டுது."

"போனு எங்கயோ வானத்துல இருக்கறதைக் கேட்டுச் சொல்லுது. நான் வண்டி மேலயே உக்காந்திருக்கேன். யாருக்கு நல்லாத் தெரியும்?"

பத்து அடித்து எட்டு நிமிஷத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். காவலாளி நல்ல மனிதர்தான், உள்ளே போய்க் கேட்டும் பார்த்தார். பத்துக்கு மேல் யாரையும் விடக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். அவள் அதே பின்சீட்டில் வீடு திரும்பினாள். முள்ளன்பரோ, அந்த அலுவலகக் கடிகாரம் வேகமாக ஓடுகிறது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருடைய மனைவி அதிகம் பேசுகிறவர் அல்ல. "மீட்டரைச் சரி பண்ணிட்டு வீட்டுக்குள்ள வாங்க" என்று மட்டும் சொன்னார். தட்ட முடியுமா? போனார். மெக்கானிக் மீட்டரை ஓட்டுகிற பல்சக்கரத்தை மாற்றி, ஓட்டிப் பார்த்து, முள்ளைச் சாலையோடு சமாதானம் செய்துவைத்தார். அரை மணி நேர வேலை. நம்மவர் நெடுஞ்சாலை வரை போய்விட்டு முகம் வெளுத்துத் திரும்பி வந்தார்.

"என்னப்பா பண்ணி வச்ச? அறுபத்திரண்டைத் தாண்ட மாட்டேங்குது. வண்டி செத்துப்போச்சு."

"அண்ணே, வண்டி நேத்தும் இதே வேகம்தான் போச்சு. இப்பதான் மீட்டர் உண்மையைச் சொல்லுது."

"உண்மையைச் சொல்லவா உங்கிட்ட வண்டிய விட்டேன்? பழசையே மாட்டு."

மெக்கானிக் மாட்டிவிட்டார், அவருக்கென்ன. முள்ளன்பர் வீட்டுக்கு வந்து, "பாத்தாச்சு" என்றார். எதைப் பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை.

மகள் விடவில்லை. அந்த அலுவலகத்துக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினாள். அடுத்த வாரம் இன்னொரு நாள் கொடுத்தார்கள். அன்று காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "பஸ்ஸை நம்பி எந்தக் காரியமும் ஆகாது, வழியில நின்னுச்சுன்னா நான் ஏத்திக்கறேன்" என்று பின்னாலேயே கிளம்பினார். முள் எண்பதில் அசையாமல் நின்றது. பஸ் தள்ளித் தள்ளிப் போய், சின்னதாகி, ஒரு வளைவில் மறைந்தே போய்விட்டது. பின்பக்கக் கண்ணாடி வழியாக மகள் கை அசைத்ததாகக் கேள்வி.

அவருக்கு என்ன புரிந்தது என்கிறீர்கள்? நேரே வீட்டுக்கு வந்தார், தாளை எடுத்தார், பஸ் நிர்வாகத்துக்குப் புகார் எழுத உட்கார்ந்தார்.

"நூறுக்குக் குறையாம போறான் அந்த டிரைவர். நான் எண்பதுல போயும் பிடிக்க முடியல. பொம்பளைப் பிள்ளைங்க உக்காந்திருக்கற பஸ்ஸு. விட்டுடலாமா?"

மனைவி பேனாவை எடுத்துக் கொடுத்தார். அதே நேரத்தில் மகள் அந்த அலுவலக வரவேற்பறையில், ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலை கிடைத்துவிட்டது. தினமும் பஸ்தான்.

சிரித்துக்கொண்டுதானே படித்தீர்கள்? நல்லது. உங்களிடம் மோட்டார் சைக்கிளே இல்லையா? அதுவும் நல்லது. ஒன்றே ஒன்றை மட்டும் இன்று மெதுவாக விசாரித்துப் பாருங்கள். "நான் பாத்துக்கறேன், கவலையை விடு" என்று நீங்கள் நெஞ்சில் கை வைத்துச் சொன்ன பிறகும், உங்கள் வீட்டில் யாராவது உங்களுக்குத் தெரியாமல் பஸ் நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறார்களா என்று.