ஊருக்கெல்லாம் ஒரே ரேகை

கைரேகைத் துறையின் கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்துபோனது. ஊரில் ஆளாளுக்குப் பத்து விரல் இருந்ததே காரணம் என்று விசாரணைக் குழு கண்டறிந்தது. விரல்களைக் குறைக்கத் தமக்கு அதிகாரம் இல்லாததால், இயக்குநர் படங்களைச் சுருக்க உத்தரவிட்டார். ‘அடையாளம் காணும் தரம் எள்ளளவும் குறையலாகாது’ என்றும் அதில் சேர்த்தார்.

பொறியாளர் அம்மா வரிகள் கலையாமல் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிக் காட்டினார்.

“இதுக்கு மேல போனா ரேகையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும் சார்.”

“ஒட்டிக்கட்டுமே. ஒற்றுமை நல்லதுதானே? பக்கத்துத் துறையில நூறுல ஒரு பங்காக்கிட்டாங்களாம்.”

“அது மரங்களோட படம் சார்.”

“மரமே சுருங்குது, விரல் சுருங்காதா?”

சுருங்கியது. ஒவ்வொரு ரேகையும் சுவரில் நசுக்கிய கொசுபோல ஆனது. இயக்குநருக்கு அமைச்சர் கையால் பதக்கம் கிடைத்தது.

அப்புறம் நகைக்கடையில் திருட்டு. திருடன் கண்ணாடிப் பெட்டியில் கட்டைவிரலைப் பதித்துவிட்டுப் போயிருந்தான். கண்மூடித் திறப்பதற்குள் கம்ப்யூட்டர் ரொட்டிக்கடைக்காரரைக் காட்டியது. மாவு அப்பிய கையோடு அவரைக் கூட்டிவந்தார்கள். பின்னாலேயே அவர் மனைவியும் ஓடிவந்தாள்.

“அந்த நேரத்துல நான் அடுப்புகிட்ட நின்னேன் சார்!” என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

“நீங்க நின்னிருக்கலாம். உங்க விரல் எங்க இருந்ததுங்கிறதுதான் கேள்வி” என்றார் இயக்குநர்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. தன் விரலைக் கருவியில் வைத்தாள். பொருந்தியது. பொறியாளர் அம்மா வைத்தார். அதுவும் பொருந்தியது. எல்லோரும் இயக்குநரையே பார்க்க, அவரும் வைத்தார். கனகச்சிதமாகப் பொருந்தியது.

“இப்பவாவது மிஷின் தப்புன்னு ஒத்துக்கோங்க!” என்றாள் மனைவி.

“மிஷின் தப்புன்னா பதக்கம் தப்பு. பதக்கம் தப்புன்னா அமைச்சர் தப்பு. அதைவிட ஊரே திருடன்னு ஒத்துக்கிறது சுலபம்மா.”

வழக்கு நடந்தது. நீதிபதியின் விரலும் பொருந்தியதால், ஆதாரத்தில் குறை காண யாருக்கும் துணிவில்லை. மூன்று வருடச் சிறைத்தண்டனை ஊரார் லட்சம் பேருக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டது. ஆளுக்குச் சுமார் கால்மணி நேரம்.

ரொட்டிக்கடைக்காரர் குதித்தார். “செய்யாத தப்புக்கு நான் ஏன் போகணும்?”

“ஊரோட ஒத்துப்போங்க. அடுப்பு ஆறுறதுக்குள்ள வந்துடலாம்” என்றாள் மனைவி.

சிறை வாசலில் குடையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக ஊரே வரிசையில் நின்றது. நகை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. தனக்குப் பின்னால் வந்தவன் முன்னால் போய்விடக் கூடாதே என்பதுதான் எல்லோர் கவலையும். அப்போது ஒருவன் கனத்த பையோடு ஓடிவந்தான்.

“கொஞ்சம் வழி விடுங்கண்ணே. நகை விக்கப் போகணும், கடை சாத்திடுவாங்க.”

“எங்களுக்கெல்லாம் வேலை இல்லையா? வரிசையில வாய்யா!” என்று கூட்டம் சீறியது.

ரொட்டிக்கடைக்காரருக்கு மட்டும் மனம் இளகியது. அவனைத் தனக்கு முன்னால் விட்டார். உள்ளே பை கொண்டுபோகக் கூடாது என்று காவலர் சொன்னதும், அவன் தண்டனை முடிந்து வரும்வரை அதை வாங்கி, கீழே வைக்காமல், பத்திரமாகப் பிடித்துக்கொண்டும் நின்றார்.