கால் கிலோ வரமிளகாயும் ஒரு கேம் பெட்டியும்

இனிமேல் பஸ்ஸில் தூங்குவதில்லை என்று திருமூர்த்தி முடிவெடுத்துவிட்டார். சும்மா எடுத்த முடிவில்லை. கிரைண்டர் உதிரிபாகம் விற்கப் பெருந்துறைக்கும் வெள்ளகோவிலுக்கும் வாரத்தில் நாலு நாள் பஸ்ஸில் போய்வருகிற மனிதர். போன தடவை தூக்கத்தில் பக்கத்து சீட்டுக்காரர் தோளில் சாய, அவர் "எறங்குற வரைக்கும் நான்தான் தாங்கோணுமுங்களா?" என்று மரியாதையாகவே கேட்டுவிட்டார். அன்றைக்கே தீர்மானம். கையடக்கமாக ஒரு கேம் பெட்டி வாங்கியே தீர்வது.

மூன்று மாதம் ஆராய்ச்சி. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கூட இத்தனை விசாரிக்க மாட்டார். ஒன்றில் திரை பெரிசு, ஆனால் செங்கல் கனம். இன்னொன்று சட்டைப் பையில் அடங்கும், ஆனால் சார்ஜ் பல்லடம் தாண்டாது. மூன்றாவதுதான் அமைந்தது. ஜன்னலில் சூலூர் வெயில் அடித்தாலும் திரை தெரியும். வெள்ளகோவில் போய்ச் சேரும்வரை சார்ஜ் நிற்கும். சாம்பிள் பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் அம்சமாக உட்காரும். கோட்டைமேட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் ரசாக் பாயிடம் அது இருந்தது.

"பழசு ஏதாச்சும் குடுத்து மாத்திக்கலாமுங்க சார்," என்றார் ரசாக்.

பழசு இருந்தது. மனைவி மாசாணியம்மாளுக்கு அவள் தம்பி வாங்கிக்கொடுத்த டேப்லெட், இரண்டு வருஷமாக பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் படுத்திருந்தது. தொடாத பொருளைத் தேடவா போகிறாள்? வியாழக்கிழமை கொண்டுபோய் மாற்றிவிட்டார். அன்றைக்கே ஒரு பயணம் விளையாடினார். சொர்க்கம். வெள்ளகோவிலில் இறங்க மறந்து கரூர் வரை போய்விட்டதைத் தவிர வேறு குறை கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை, தட்டில் தோசை விழுந்த கையோடு மாசாணி கேட்டாள்.

"ஏனுங்க, பீரோவுல இருந்த டேப்லெட்டைப் பாத்தீங்களா?"

திருமூர்த்தி தோசையை மடித்து மடித்துச் சின்னதாக்கினார். "எந்த டேப்லெட்டு? தலவலிக்குப் போடறதா?"

"என்ற தம்பி குடுத்ததுங்க. காணமுங்க."

"நல்லாத் தேடிப்பாரு அம்மணி. துணிக்கடியில இருக்கும்."

"மூணு தரம் தேடிப்போட்டேனுங்க. யாரோ எடுத்துட்டாங்க. நமக்கெதுக்குப் போலீசு? வாற புதங்கெழமை அமாவாசைக்கு ஆனைமலை போறனுங்கல்ல, வரமொளகா அரைச்சு அம்மன் கோயில் கல்லுல அப்பிப்போட்டு வந்தர்றேன்."

திருமூர்த்தி தட்டைத் தள்ளிவைத்தார். மாசாணி பிறந்த ஊரே ஆனைமலை. அங்கே மாசாணியம்மன் கோயிலில் நீதிக்கல் உண்டு. பொருளைத் திருட்டுக் கொடுத்தவர்கள் மிளகாய் அரைத்து அதில் பூசினால், எடுத்தவன் எங்கே இருந்தாலும் உடம்பு எரியும் என்பது நம்பிக்கை. அந்த அம்மன் பேரைத்தான் இவளுக்கும் வைத்திருந்தார்கள். கோயிலில் ஒரு மாசாணி, வீட்டில் ஒரு மாசாணி. மனிதர் எந்தப் பக்கம் ஓடுவார்?

"இதுக்குப் போயி அம்மனைத் தொந்தரவு பண்ணோணுமா? எடுத்தவன் பாவம், புள்ளகுட்டிக்காரனா இருப்பான்."

"புள்ளகுட்டி இருந்தா எடுக்கலாமுங்களா?"

"தெரியாம எடுத்திருப்பான்."

"பீரோவத் தொறந்து, சேலையத் தூக்கி, தெரியாம எடுத்தானுங்களா?"

மறுநாள் கால் கிலோ வரமிளகாய் வாங்கிவந்து சமையலறை ஜன்னலில் காயவைத்தாள். திருமூர்த்தி அந்தப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போவதையே நிறுத்திவிட்டார். ஞாயிறு மதியம் சாப்பிட்டு எழுந்தவருக்கு வயிறு திகுதிகுவென்று எரிந்தது.

"அம்மணி... மொளகா அரைச்சுப்போட்டியா?"

"ஆமாங்க."

"கல்லுலயா?"

"மிக்சிலதானுங்க. கொழம்புக்கு. காரம் சேந்துபோச்சுங்களா?"

அத்தோடு உடைந்துபோனார். உண்மையைச் சொல்லிவிடலாம்தான். சொன்னால் மிச்ச ஆயுசு பூராவும் எரியும். திங்கட்கிழமை, கடை திறக்கும் முன்பே கோட்டைமேட்டில் நின்றார். கேம் பெட்டியைக் கொடுத்து டேப்லெட்டைத் திரும்ப வாங்கும்போது நிஜமாகவே கண் கலங்கியது.

"ஏன் சார், புடிக்கலீங்களா?"

"புடிச்சுதுங்க பாய். எனக்கு உசுரும் புடிச்சிருக்குதுங்களே."

மாசாணி கடைக்குப் போயிருந்த நேரத்தில் டேப்லெட்டைப் பழையபடி பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தார். சாயங்காலம், "இன்னொருக்காத் தேடிப்பாரேன்" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். அவள் போனாள். பார்த்தாள். வந்தாள்.

"இருக்குதுங்க! அம்மன் கண்ணத் தொறந்துட்டா."

"நான்தான் அப்பவே சொன்னேனல்ல."

வயிற்று எரிச்சல் அந்த நிமிஷமே நின்றது.

செவ்வாய் சாயங்காலம் பெருந்துறையிலிருந்து திரும்பினார். ஊருக்குப் போகப் பை கட்டி வைத்துவிட்டு மாசாணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கட்டைவிரல் இரண்டும் பறந்துகொண்டிருந்தன. கையிலிருந்து டிங் டிங் என்று ஒரு சத்தம். திருமூர்த்திக்கு அந்தச் சத்தம் தெரியும்.

"எ... என்னதது?"

"கேம் பொட்டிங்க. ஆனைமலை பஸ்ல பொழுது போகோணுமில்லீங்க. மூணு மாசமா நீங்க ஃபோன்ல இதப்பத்தி வீடியோவாச் சத்தமா வெச்சுப் பாத்தீங்களே, கேட்டுக் கேட்டு எது நல்லதுன்னு எனக்கும் தெரிஞ்சுபோச்சு. இதுக்கு மாத்தலாம்னுதானுங்க அன்னிக்கே டேப்லெட்டைத் தேடுனது."

"எங்க மாத்துன?"

"ரசாக் பாய் கடைலீங்க. யாரோ ஒருத்தரு நாலு நாள் வெச்சிருந்து, உசுருக்குப் பயந்து திருப்பிக் குடுத்துட்டாராம். பாவமுங்க."

திருமூர்த்தி சாம்பிள் பையைக் கீழே வைத்தார். பாய் பேரைச் சொல்லியிருப்பாரா? அவள் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை. தப்பித்தோம் என்று அவர் மூச்சு விடும்போது, மாசாணி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"ஏனுங்க, இதுல 'திருமூர்த்தி'ன்னு பேர் போட்டு ஒரு ஆட்டம் பாதியில நிக்குது. அழிச்சுப்போடட்டுங்களா?"