ஆப்பு கம்பவுண்டரின் கொடி

செடிக்குத் தெர்மாமீட்டர் வைத்துக் காய்ச்சல் பார்த்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் சிவகாசியில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு காலண்டர் அச்சாபீஸில் எனக்குப் புரூஃப் பார்க்கும் வேலை கிடைத்தது. விஸ்வநத்தம் போகிற வழியில் ஒரு வளவில் குடியேறினேன். நடுவில் பொது முற்றம், சுற்றிலும் ஓட்டு வீடுகள். எல்லா வீட்டுக்கும் ஒரே கிணறு. என் வலப்பக்கத்து வீட்டில் மிஷன் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் ஒருவர் இருந்தார். ஒல்லியான ஆள். நடந்தால் காற்று தள்ளிக்கொண்டு போவது மாதிரி இருக்கும். அவர் மனைவி அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். வளவு முழுக்க அவரைச் சிஸ்டரம்மா என்றுதான் கூப்பிடும்.

நான் போன சமயத்தில் சிஸ்டரம்மா நீண்ட லீவில் இருந்தார். அதற்கு முந்தைய தீபாவளி சீசனில் ஊருக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனியில் விபத்து. வெந்துபோனவர்களை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். சிஸ்டரம்மா நாட்கணக்கில் வீட்டுக்கே வராமல் அந்த வார்டில் நின்றிருக்கிறார். பிழைத்தவர்கள் பிழைத்தார்கள். மற்றவர்களுக்குக் கண்ணை மூடிவிட்டு வந்தவருக்கு, அதன்பிறகு தன் கண் மூடவில்லை. ராத்திரி முழுக்கக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். பகலில் ஊசியை எடுத்தால் கை நடுங்கும். தூக்க மாத்திரையைத் தொடமாட்டார். அதைப் பழகிக்கொண்டு விட முடியாமல் தவித்தவர்களை அவரே பார்த்திருக்கிறார்.

இந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டரம்மா ஒரு செய்தி சொன்னார். அவர்கள் ஊரில் ஹாப்ஸ் என்று ஒரு கொடி உண்டு. அதன் பூவைக் காயவைத்துத் தலையணையில் அடைத்துப் படுத்தால் தூக்கம் வரும் என்று கிழவிகள் சொல்வார்கள். பேச்சுவாக்கில் சொன்னதுதான். கொடைக்கானலில் அவர் கோடைக்குத் தங்குகிற பங்களா வேலியில் அந்தக் கொடி படர்ந்திருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

மறு வாரம் கம்பவுண்டர் கொடைக்கானலில் இருந்தார். திரும்பி வரும்போது தடுப்பூசி மருந்து கொண்டுவருகிற ஐஸ் பிளாஸ்க்கைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தார். உள்ளே ஈரத்துணியில் சுற்றிய வேர்த்துண்டுகள். அவற்றைத் தன் வீட்டு வாசலை ஒட்டி நட்டார். எங்கள் வெயில் தெரியும்தானே? ஓட்டில் அப்பளம் காயப்போட்டால் பொரிந்துவிடும் என்று பேசிக்கொள்கிற ஊர். அங்கே குளிர்தேசத்துக் கொடி.

வளவில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ஹாப்ஸ், ஆப்சு ஆகி, ஒரே வாரத்தில் ஆப்பு ஆனது. அன்றிலிருந்து அவர் ஆப்பு கம்பவுண்டர்.

தினம் காலையில் ஆஸ்பத்திரி தெர்மாமீட்டரை வேர்ப்பக்கத்து மண்ணில் செருகி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு உதறிவிட்டு, “நூத்தி ரெண்டு இருக்கு” என்று கவலையோடு அறிவிப்பார். ஒரு நாள் மத்தியானம் வைத்துப் பார்த்தார். தெர்மாமீட்டர் வெடித்தது. அதன்பின் தன் வேட்டிகளை ஒவ்வொன்றாகக் கொடிக்குப் பந்தலாகக் கட்டிவிட்டு, மிச்சமிருந்த ஒன்றோடு காலம் தள்ளினார். சோடாக் கடையிலிருந்து மரத்தூளில் பொதிந்த ஐஸ்கட்டி வாங்கிவந்து வேரைச் சுற்றி அடுக்கினார். மனுஷனுக்கு ஒரு கிளாஸ் ஐஸ் தண்ணி கிடைக்காத ஊரில் செடிக்கு வந்த வாழ்வைப் பார்த்து வளவே பெருமூச்சு விட்டது.

முளைத்ததுதான் ஆச்சரியம். சணல் கயிறு கட்டிவிட்டார். கொடியின் தண்டே கயிற்றைச் சுற்றிச் சுற்றி ஏறும். தொட்டால் சொரசொரவென்று கையைக் கீறும். இலை பார்க்கப் பருத்தி இலை மாதிரி இருக்கும். கோடிவீட்டு அம்மாள் கீரை என்று நினைத்து ஒரு கைப்பிடி பறித்துக் கூட்டு வைத்துவிட்டார். அவர் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, கசப்பு தாங்காமல் எழுந்து போய் ஹோட்டலில் சாப்பிட்டார். கம்பவுண்டரோ அந்த அம்மாளிடம், யாருக்காவது தூக்கம் வந்ததா என்று ஆவலாக விசாரித்தார்.

கொடிக்குத் தண்ணீர்தான் பெரிய பாடு. கம்பவுண்டர் டியூட்டிக்குப் போனபின் சிஸ்டரம்மாதான் ஊற்றியாக வேண்டும். கிணறோ ஆழம். காலையில் ஆரம்பித்தால், மண் குடித்துவிட்டு மறுபடி வாயைத் திறக்கும். முதலில் சலித்துக்கொண்டு ஊற்றியவர், போகப்போகக் கொடியோடு சண்டை போட ஆரம்பித்தார். “குடிச்சுத் தொலை. ஒன்னயக் கொண்டாந்த மனுசன் அங்கன ஃபேனுக்கடியில மருந்து கலக்குதாரு” என்று அவர் சொன்னது என் ஜன்னலில் கேட்டது. அந்த அம்மாள் ஒரு முழு வாக்கியம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த கூத்து பெட்ரோமாக்ஸ் விளக்கு. டாக்டரம்மா ஊரில் கோடைகாலத்தில் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் வெளிச்சம் இருக்குமாம். நம் ஊரில் சீக்கிரம் இருட்டிவிடுவதால் கொடி ஏமாந்துபோகிறது என்று கம்பவுண்டர் முடிவு கட்டினார். பொழுது சாய்ந்ததும் கொடிக்கு மேலே பெட்ரோமாக்ஸை ஏற்றித் தொங்கவிட்டார். கொடிக்குப் புரிந்ததோ இல்லையோ, வளவுப் பெண்களுக்குப் புரிந்தது. வீட்டுக்குள் சிம்னி விளக்கில் கண்ணைச் சுருக்கித் தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தவர்கள், பசைக் கிண்ணத்தோடு முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். வம்பும் சிரிப்புமாக வேலை நடக்கும். சில நாள் வாசலில் நின்று பார்த்த சிஸ்டரம்மா, ஒரு நாள் தானும் உட்கார்ந்து ஒட்ட ஆரம்பித்தார்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் அச்சாபீஸில் வெடித்தது குண்டு. லேபிள் மாதிரிகள் ஒட்டிய பழைய ஆல்பம் ஒன்று அங்கே உண்டு. அதில் ஒரு சீமை பீர் பாட்டில் லேபிளில், இலையும் பூவுமாக அதே கொடி. எங்கள் ஆர்ட்டிஸ்ட் அதைப் பார்த்துவிட்டு, நம்ம கம்பவுண்டர் வீட்டுக் கொடியல்லவா இது என்றார். மதுவிலக்கு கடுமையாக இருந்த காலம். சாயங்காலத்துக்குள் கம்பவுண்டர் சாராயக் கொடி வளர்க்கிறார் என்று கடைத்தெருவே பேசியது. உத்தியோகம் போகும், ஜெயிலும் உண்டு என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

மறுநாள் விளக்கு ஏற்றுகிற நேரத்தில் சப்-இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். பெண்கள் பசைக் கையோடு எழுந்து நின்றார்கள். அது என்ன கொடி என்று கேட்டார். பாகல் என்றோ கோவை என்றோ சொல்லித் தொலைத்திருக்கலாம். நம்மவருக்குப் பொய் வராது.

“பீருக்குப் போடுத கொடிதான்யா” என்றார்.

சப்-இன்ஸ்பெக்டர் இப்படி ஒரு வாக்குமூலத்தை எதிர்பார்க்கவில்லை. பிறகு எதற்கு வளர்க்கிறீர் என்றார். கம்பவுண்டர் மனைவியைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். மனைவியின் கஷ்டத்தை ஊரார் முன்னால் சொல்ல அவருக்கு மனசில்லை.

சிஸ்டரம்மாதான் முன்னால் வந்தார். “எனக்காகத்தான்யா வளக்காக. அந்தப் பட்டாசுக் கம்பெனி விபத்துல வந்த பிள்ளைகளப் பாத்ததுலருந்து எனக்குத் தூக்கமில்ல. பூவத் தலகாணியில வச்சாத் தூக்கம் வரும்னு யாரோ சொன்னாக. இவுக அதுக்கு அம்புட்டுப் பாடுபடுதாக.”

அந்த விபத்தைப் பற்றி அவர் வாய் திறந்தது அன்றுதான். சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். விபத்தன்று அவரும் அங்கே நின்றவராம். கொடியைச் சுற்றி வந்து, ஒரு இலையைத் தொட்டு, விரலைக் கீறிக்கொண்டார். கடைசியில் கம்பவுண்டரைத் தனியாக அழைத்து மெதுவாகக் கேட்டார்: “பூத்துச்சுன்னா எனக்கும் ஒண்ணு தைப்பீகளா?”

மழை பிடித்து வெக்கை தணிந்ததும் கொடி பூத்தது. காகிதத்தை அடுக்கிச் செய்த மாதிரி சின்னச் சின்னப் பச்சைப் பூக்கள். எல்லாம் சேர்த்து இரண்டு கைப்பிடிகூடத் தேறாது. கம்பவுண்டர் அவற்றை நிழலில் காயவைத்து, ஆஸ்பத்திரிப் பஞ்சோடு கலந்து, குழந்தைக்குக்கூடப் போதாத ஒரு தலையணை தைத்தார். மாதக்கணக்கில் காத்திருந்த மருந்து தயார். சாயங்காலம் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்.

விளக்கடியில் பெண்கள் கூடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் சுவரில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, சிஸ்டரம்மா நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். விரலில் பசை காய்ந்திருந்தது. கோடிவீட்டு அம்மாள் உதட்டில் விரல் வைத்துக் கம்பவுண்டரை எச்சரித்தார். இது இன்று நேற்றல்ல, பத்துப் பதினைந்து நாளாகவே இப்படித்தான் என்று ரகசியமாகச் சொன்னார். பகலெல்லாம் தண்ணீர் இறைத்த உடம்பு, கூட நாலு பேர் பேச்சுச் சத்தம். பூவுக்காகக் காத்திராமல் தூக்கம் வந்துவிட்டது. இந்த மனிதருக்குத்தான் கொடியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

கம்பவுண்டர் தலையணையோடு என் பக்கம் வந்தார். கண் கலங்கியிருந்தது. “ஏங்க, இத நான் இப்ப எங்கன வைக்க?” என்றார்.

சப்-இன்ஸ்பெக்டருக்குக் கொடுத்தார். அபாரமான தூக்கம் என்று அவர் கடைசிவரை சாதித்தார். அவர் டியூட்டி நேரத்திலும் தூங்கியதாகக் கேள்வி.

அந்தக் கொடி அடுத்த கோடையில் கருகிப்போனது. கம்பவுண்டர் வேட்டிகளை அவிழ்த்துத் துவைத்துக் கட்டிக்கொண்டார்.

அதற்கு முன்பே, தை பிறந்ததும், சிஸ்டரம்மா திரும்ப டியூட்டிக்குக் கிளம்பிவிட்டார். அந்தக் காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. வெள்ளைச் சேலையில் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். பின்னால் கம்பவுண்டர், எப்போதும் பறந்துகொண்டு போகிற சைக்கிளை அன்று உருட்டிக்கொண்டே போனார். நான் அச்சாபீஸ் போகவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. இருந்தாலும் இரண்டு பேரும் தெருமுனை திரும்புகிற வரைக்கும் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.