கிறிஸ்துமஸ் போனும் இல்லாத நாயும்

"அம்மா" என்று சொல்லிப் பார்த்தான் எல்டர் தர்குட். வெறும் காற்றுதான் வந்தது.

"இன்னொரு தடவை சொல்லு" என்றான் கூட்டாளி எல்டர் லுமாபாஸ்.

மறுபடி சொன்னான். இந்தத் தடவை சைக்கிள் டியூபில் ஓட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

பத்தொன்பது வயதுப் பையனுக்கு எல்டர், அதாவது மூப்பர் என்று பட்டம் கொடுத்து, வெள்ளைச் சட்டையும் டையும் மாட்டி, அமெரிக்காவின் ஐடஹோ உருளைக்கிழங்குப் பண்ணையிலிருந்து பிலிப்பைன்ஸின் இலோயிலோவுக்கு அனுப்பியிருந்தது மார்மன் சபை. இரண்டு வருஷ ஊழியம். வீட்டாரோடு போனில் பேச வருஷத்துக்கு இரண்டே நாள்தான்: அன்னையர் தினம், அப்புறம் கிறிஸ்துமஸ். இன்று கிறிஸ்துமஸ். இன்னும் கொஞ்ச நேரத்தில் அம்மா கூப்பிடுவாள். தொண்டை போவதற்கு வேறு நாளே கிடைக்கவில்லை பாருங்கள்!

முந்தின நாள் தெரு முழுக்க வீடு வீடாகப் போய்ப் பாடியதன் பலன் இது. தர்குட்டுக்குக் கப்பல் சங்கு மாதிரி குரல். அம்மா வழிச் சொத்து. அவள் ஊர்ச் சபையில் எடுத்துப் பாடினால் முன்வரிசைக்காரர்கள் பின்வரிசைக்குப் போய்விடுவார்களாம். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வான்.

போன் இருந்தது மனாங் நெனிங் வீட்டில். மனாங் என்றால் அக்கா; பெட்டிக்கடை நெனிங் அந்தத் தெருவுக்கே அக்கா. கிறிஸ்துமஸ் விருந்துக்கு வந்த சொந்தக்காரர்கள் நூடுல்ஸ் தட்டும் கையுமாகப் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அமெரிக்காவிலிருந்து வரும் போனைப் பார்க்காமல் யார் நகர்வார்கள்?

"இதுக்கா இப்படி முழிக்கிறே தோதோ?" என்றாள் மனாங். சின்னப் பையன்கள் எல்லோரும் அவளுக்குத் தோதோதான். "இஞ்சித் தண்ணி ஒரு டம்ளர் குடி. கணீர்னு வரும்."

கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தாள். மரியாதைக்குப் பயந்து ஒரே மடக்கில் குடித்தான். நாக்கு வெந்தது. வந்துகொண்டிருந்த ஓட்டை டியூப் சத்தமும் நின்றது.

"பச்சை முட்டை குடுங்க" என்றார் மனாங்கின் புருஷன்.

முட்டை உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. டை வீணானது.

"நகருங்க எல்லாரும். இது நரம்பு விஷயம்" என்று மனாங் கையில் தேங்காய் எண்ணெயோடு வந்தாள். கழுத்தைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு திருகு, அந்தப் பக்கம் ஒரு திருகு. மளுக்கென்றது. தர்குட் வாயைத் திறந்து கத்தினான். கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. குரல்தான் போயிருந்தது, இப்போது கழுத்தும் திரும்பவில்லை. இடது பக்கத்துச் சுவர்க் காலண்டரையே பார்த்தபடி நின்றுவிட்டான் பாவம்.

போன் அடித்தது.

"உண்மையைச் சொல்லிடலாம்" என்றான் லுமாபாஸ்.

தர்குட் பதறிக் கையை ஆட்டினான். ஒரு தடவை கடிதத்தில் தும்மல் என்று எழுதியதற்கு, மிஷன் தலைவரையே போனில் கூப்பிட்டு அழுதவள் அவன் அம்மா. குரலே போய்விட்டது என்றால் அடுத்த விமானத்தில் வந்து பையனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

"அப்போ நீ பேசு" என்று லுமாபாஸைப் போன் பக்கம் தள்ளினாள் மனாங். "அவன் மாதிரி."

"மிஷனரி பொய் சொல்லலாமா மனாங்?"

"இதுல பொய் எங்க வந்துச்சு? அவன் வாய்க்குப் பதிலா உன் வாய். எடுடா, நின்னுடப் போகுது!"

லுமாபாஸ் எடுத்தான். தர்குட்டும் காதை ஒட்டவைக்கப் பார்த்தான்; கழுத்து ஒத்துழைக்கவில்லை. காலண்டர் பக்கம் பார்த்தே நின்றான்.

"ஹலோ... அம்மா."

"கண்ணா! என்னடா இது, உன் பேச்சே மாறிப்போச்சு?"

"இங்கத்தி பாஷை பேசிப் பேசி நாக்கு சுழண்டுகிச்சும்மா. உங்க குரல்லயும் அந்தச் சங்குச் சத்தத்தைக் காணோமே..."

"லைன் சரியில்லடா கண்ணா" என்றாள் அவள் அவசரமாக.

"சாப்பிட்டியான்னு கேளு" என்று மனாங் கிசுகிசுத்தாள்.

"சாப்பிட்டீங்களாம்மா?"

"ஆச்சு. நீ? உனக்குப் பிடிச்ச பீட்ரூட் அங்க கிடைக்குதா?"

"பீட்ரூட்டா? எனக்கு உயிராச்சே!"

தர்குட் காலண்டரைப் பார்த்தபடியே குமட்டிக் காட்டினான். பிறந்ததிலிருந்து பீட்ரூட்டைத் தொட்டதில்லை அவன். அம்மாவுக்கு அதுகூடவா மறந்துபோச்சு?

லுமாபாஸுக்கு வியர்த்தது. இயல்பாக ஏதாவது கேட்க வேண்டுமே. அமெரிக்கா என்றால் வீட்டுக்கு வீடு நாய் இருக்குமல்லவா?

"நாய் எப்படி இருக்கும்மா?"

"நாயா... நல்லா இருக்குடா. உன்னைத்தான் தேடிக்கிட்டே இருக்கு."

"நாய் என்னைத் தேடுதாம்" என்று எல்லோருக்கும் திருப்பிச் சொன்னான். சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

தர்குட் இரண்டு கையையும் விரித்து ஆட்டினான். எங்க வீட்ல நாயே கிடையாது! நாயைக் கண்டாலே அம்மாவுக்கு உடம்பெல்லாம் தடிக்கும்!

"நீ வந்தப்புறம் வாங்கியிருப்பாங்க, சும்மா இரு" என்று ரிசீவரைப் பொத்திக்கொண்டு சொன்னான் லுமாபாஸ்.

வந்தப்புறம் வாங்கிய நாய் எப்படி அவனைத் தேடும் என்று அந்த வீட்டில் ஒருத்தரும் யோசிக்கவில்லை. அடுத்து என்ன கேட்பது என்ற கவலையில் இருந்தார்கள்.

"அப்பா எப்படிம்மா?"

"இங்கதான் நிக்கிறார். தலையில அடிச்சுக்கிட்டு."

"ஏம்மா?"

"சந்தோஷத்துலடா" என்றவள் குரல் திடீரென்று தழுதழுத்தது. "கண்ணா, மறைக்காம சொல்லு. நீ அங்க சந்தோஷமா இருக்கியா? ராத்திரியில அழுறியா? உனக்கு ஒண்ணுன்னா பார்த்துக்க ஆள் இருக்கா?"

லுமாபாஸுக்கும் லெய்தே தீவில் ஒரு அம்மா இருக்கிறாள். அந்த வீட்டில் போன் கிடையாது. அன்று அவனை யாரும் கூப்பிடப் போவதில்லை. இப்படி உருகிக் கேட்கிற அம்மாவிடமா நாடகம் ஆடுவது?

"அம்மா, என்னை மன்னிச்சிடுங்க" என்று விம்மினான். "நான் உங்க பையன் இல்ல. அவன்கூட ஊழியம் செய்யிற லுமாபாஸ். அவன் நல்லாத்தான் இருக்கான், சத்தியமா. நேத்துப் பாடிப் பாடித் தொண்டை கட்டிப்போச்சு, நீங்க பயந்துடுவீங்கன்னுதான்... அவனைப் பார்த்துக்க இங்க ஒரு தெருவே இருக்கும்மா."

மனாங் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

ரிசீவருக்குள்ளிருந்து, காலண்டரைப் பார்த்து நின்ற தர்குட் வரைக்கும் கேட்கிற மாதிரி அந்தப் பெண்மணி கத்தினாள்:

"அப்பாடா, பிழைச்சேன்! நானும் அவன் அம்மா இல்லப்பா, பக்கத்து வீட்டு லாரூ. அவளுக்கும் நேத்துப் பாடித்தான் தொண்டை போச்சு, 'நமக்கு ஏதுடி நாய்'னு அப்போலேருந்து என் எதிர்ல நின்னு கையை ஆட்டிக்கிட்டே இருக்கா!"