மாப்பிள்ளையும் காடுபாபாவும்

தொம்மலூர், 5-1-1999

மதிப்பிற்குரிய மச்சான் கோதண்டபாணி அவர்களுக்கு, உங்கள் தங்கை சொர்ணத்தின் கணவன் ஏகாம்பரம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சௌக்கியம். ஆனேக்கல்லில் உங்கள் சர்க்கரையும் அக்காவின் கோபமும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் கழித்து வைத்திருக்கும் சுனிதாவின் நிச்சயதார்த்தத்தை நிறுத்திவிட வேண்டும். நீங்கள் பார்த்துக் கொடுத்த வரன் என்பதால் உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன். பையன் ராகேஷுக்குக் காடு சம்பந்தமான ஆராய்ச்சி என்று சொன்னீர்கள். மரம் எண்ணுவார், அளப்பார், சாயந்திரம் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று நானும் நினைத்துக்கொண்டேன். போன வாரம் அடுத்த வீட்டு ரத்தினம்மாள் நான் இல்லாத நேரத்தில் வந்து, கதவிடுக்கில் ஒரு சீட்டைச் செருகிவிட்டுப் போயிருந்தாள். ராகேஷ் வேலை செய்கிற கல்லூரித் தோப்பின் வாட்ச்மேன் அவளுக்குத் தெரிந்தவராம், கன்னடக்காரர். அவர் சொன்னதை அப்படியே தமிழில் எழுதியிருந்தாள்: 'உங்கள் மாப்பிள்ளை தினமும் ராத்திரி காடுபாபா பின்னாலேயே அலைகிறார். விடிந்தால்தான் வீட்டுக்குப் போகிறார்.' இந்த ஊரில் நாற்பது வருஷமாக இருக்கிறேன், எத்தனையோ பாபாக்களைப் பார்த்திருக்கிறேன். காட்டில் ஒரு பாபா இருப்பது எனக்குத் தெரியாது. இவர் நாளைக்குக் காவி கட்டிக்கொண்டு போய்விட்டால் என் பெண் கதி என்ன? அந்த ஒரு கவலையில் நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சொர்ணமும் சுனிதாவும் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்குப் புடவை எடுக்கப் போன சமயத்தில் பையனைக் காபிக்குக் கூப்பிட்டேன். பாபாவின் பெயரை எடுக்காமல், "தோப்புல இருக்கறவங்கள ரொம்ப நாளா தெரியுமா?" என்று நைசாக ஆரம்பித்தேன். ஆறு வருஷமாகத் தெரியும் என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஒருத்தர் இல்லை மச்சான், பெரிய கூட்டமே இருக்கிறதாம். போன வருஷம் இருபத்து மூன்று பேர், இப்போது பத்தொன்பது. பகலெல்லாம் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு தூங்குவார்களாம், இருட்டியதும் தனித்தனியாகக் கிளம்பிவிடுவார்களாம். ஆகாரம் எறும்பும் வண்டும். பெரிய விரதம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, குளியல் எப்படி என்று கேட்டேன்.

"குளிக்கறதெல்லாம் இல்ல மாமா. தன் மூத்திரத்துலயே கை கால் கழுவிப்பாங்க" என்றார், ஏதோ பெருமை பேசுகிற மாதிரி.

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவர் நிறுத்தவில்லை. மரத்தை விட்டு இறங்க மாட்டார்களாம், கிளையோடு கிளை தொட்டால்தான் அடுத்த மரத்துக்குப் போவார்களாம். கட்டிடம் கட்ட நடுவில் இரண்டு மரத்தை வெட்டியதில் ஒருத்தர் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டாராம். மாந்திரீகம் செய்கிறவர்கள் வேறு வந்து ஆளையே தூக்கிக்கொண்டு போகிறார்களாம். சொல்லும்போது பையனுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான், ஆனால் நான் அழுதது சுனிதாவை நினைத்து. மனிதர் நல்ல மனிதர், பொய் பேசத் தெரியவில்லை, மரியாதை இருக்கிறது. இருந்தாலும் மரத்தில் வாழும் சாமியார்களுக்குச் சிஷ்யனாக இருப்பவருக்கு எந்தத் தகப்பன் பெண் கொடுப்பான்? நீங்களே அவர்கள் வீட்டில் பக்குவமாகப் பேசி முடித்துவிடுங்கள்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, காடு பக்கம் போகாமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
ஏகாம்பரம்

பி.கு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் சுனிதா வாங்கிப் படித்துவிட்டாள். படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். வாட்ச்மேன் சொன்னது பாபா இல்லையாம், காடு பாப. பாப என்றால் கன்னடத்தில் குழந்தை. தேவாங்குக்கு அங்கே அதுதான் பெயராம். நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'ப'தானே, ரத்தினம்மாளைக் குற்றம் சொல்ல முடியாது. ராகேஷ் எண்ணுவதும் காப்பாற்றப் பார்ப்பதும் அந்தத் தேவாங்குகளைத்தான். சுனிதாவே இரண்டு தடவை போய்ப் பார்த்திருக்கிறாளாம். நிச்சயதார்த்தம் குறித்த நாளில் நடக்கும், அவசியம் குடும்பத்தோடு வரவும். கடிதத்தைக் கிழிக்காமல் அனுப்பச் சொன்னதும் அவள்தான், மாமாவும் சிரிக்கட்டுமாம். ஆனால் ராகேஷுக்கு மட்டும் தெரியக்கூடாது என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவர் அவளுக்கு போன் செய்து, "ஆறு வருஷத்துல என் வேலையப் பத்தி இவ்ளோ ஆசையா கேட்டது உங்கப்பா ஒருத்தர்தான்" என்று தழுதழுத்தாராம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. சனிக்கிழமை தேவாங்குகளைப் பற்றி என்னிடம் மேற்கொண்டு பேச வருகிறார். என்னிடம் ஒரு கேள்வியும் மிச்சமில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் உடனே எழுதுங்கள்.