பாரம்பரியப் பகல் தூக்கம்

வில்லாமார் துறைமுகப் பட்டணத்தில் பகல் மூன்று மணி வெயிலுக்குப் பூனைகூடத் தலைகாட்டாது. கடை, வங்கி, மாதா கோயில் எல்லாம் கதவைச் சாத்திவிடும். ஊரே சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடும். எவரிஸ்தோவும் அப்படித்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வறுத்த நெத்திலி வயிறு நிறைய, அதன்பின் ஒரு தூக்கம். ஆண்டவனிடம் அவர் கேட்டது இவ்வளவுதான்.

அதற்கு வேட்டு வைத்தது நிழல். பழைய நகரில் அந்த நேரத்தில் கொஞ்சம் நிழல் விழுவது அவருடைய பால்கனிக்குக் கீழேதான். ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களோ சரியாக அப்போதுதான் புறப்படுவார்கள். வழிகாட்டிப் பெண் நூரியா மஞ்சள் குடையும் கையுமாக அவர்களை அந்த நிழலில் நிறுத்தி, கடற்கொள்ளையர் வந்த கதையைத் தொண்டை கிழியச் சொல்லுவாள். ஐந்நூறு வருஷத்துக்கு முன் ஒரே ஒரு தடவை வந்த கொள்ளையர், இப்போது தினமும் வந்தார்கள்.

ஓர் ஆகஸ்ட் பகலில் எவரிஸ்தோவுக்குப் பொறுமை போயிற்று. “போய்த் தொலைங்க! மனுஷன் தூங்க வேண்டாமா?” என்று கத்தி, ஒரு வாளித் தண்ணீரைக் கீழே கவிழ்த்தார்.

கீழே கைதட்டல் கிளம்பியது. வெந்துபோய் நின்றவர்களுக்கு அது பன்னீராக இருந்தது. “இன்னொரு வாளி!” என்று கேட்டார்கள்.

மறுநாள் அவர் மரபுரிமை மற்றும் சுற்றுலா மேம்பாட்டு அலுவலகத்தில் முறையிட்டார். அதிகாரி தோன் லியாந்த்ரோ மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொண்டார்.

“தண்ணி ஊத்துறப்போ என்ன சொன்னீங்க?”

“போய்த் தொலைங்கன்னேன்.”

“உங்க அப்பாவும் இப்படி ஊத்துவாரா?”

“ஒரு தடவை ஒரு குடிகாரன் மேல ஊத்தினாரு.”

“ஆக, தலைமுறை தலைமுறையா!” என்று நெகிழ்ந்துபோனார் அதிகாரி.

மறுவாரமே வீட்டு வாசலில் பித்தளைப் பலகை ஏறியது: ‘வாளி நீராட்டு, வசவுடன் கூடிய கரையோர மரபு.’ கூடவே ஆணை: மேற்படி மரபின் கடைசி வாரிசாகிய தாங்கள், குழுக்கள் வருகை தரும்போதெல்லாம் தவறாது கோபப்பட்டு ஒத்துழைக்க வேண்டியது.

கோபப்படுவதை எவரிஸ்தோ நிறுத்தியும் பார்த்தார். கீழே மதுக்கடை வைத்திருக்கும் சக்ராரியோ விடவில்லை. நனைந்தவர்களுக்கு அவள் துவாலை விற்றுக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, நேத்து நீங்க திட்டினதுல காரமே இல்ல. ஜனங்க முகம் வாடிப்போச்சு. என் பொழப்புல மண்ணப் போட்டுறாதீங்க.”

“தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமா? திட்டக்கூடத் தெம்பில்லம்மா.”

“ரெண்டு கெட்ட வார்த்தைக்கு என்ன தெம்பு வேணும்? நான் வேணா சொல்லித் தரேன்.”

மனிதர் மறுபடி அலுவலகத்துக்கு ஓடினார். “ஐயா, எனக்குத் தூக்கம் வேணும். வேற ஒண்ணும் வேணாம்” என்று அழாத குறையாகச் சொன்னார்.

“இத முதல்லயே சொல்லியிருக்கலாமே! எத்தன மணிக்குத் தூங்குவீங்க?”

“மூணு மணிக்கு.”

“உங்க அப்பா?”

“அவரும்தான்.”

தோன் லியாந்த்ரோவின் கண்கள் பளபளத்தன. பாவம், எவரிஸ்தோ அதைக் கருணை என்று நினைத்துவிட்டார்.

இப்போது பலகையில் இருப்பது: ‘கரையோரப் பகல் தூக்கம், நேரடிக் காட்சி.’ சத்தம் அறவே கூடாது என்பது அரசு உத்தரவு. குழு செருப்பைக் கழற்றிவிட்டு நுனிக்காலில் நடந்து வந்து கட்டிலைச் சுற்றி நின்றது. ஊரில் அத்தனை அமைதியை எவரிஸ்தோ கேட்டதே இல்லை. ஆனால் தலைமாட்டில் இருபது பேர் மூச்சுவிட்டால் யாருக்குத் தூக்கம் வரும்? கண்ணை இறுக மூடிக்கொண்டு பொய்க் குறட்டை விட்டார்.

“அசல் குறட்டையா?” என்று ஒருவர் கிசுகிசுத்தார்.

“அரசு முத்திரை இருக்குங்க” என்றாள் நூரியா.

உள்ளே இருட்டு, குளிர்ந்த தரை. வெயிலில் அலைந்து வந்தவர்கள் எவ்வளவு நேரம் நிற்பார்கள்? ஒருவர் உட்கார்ந்தார், ஒருவர் சாய்ந்தார், கொஞ்ச நேரத்தில் கூடமெங்கும் ஆள் படுத்தாயிற்று. குடையை அணைத்தபடி நூரியாவும் உறங்கிப்போனாள். ஆய்வுக்கு வந்த தோன் லியாந்த்ரோ, “கொஞ்சம் தள்ளிப் படுங்க, மெத்தையப் பார்க்கணும்” என்று ஏறிப் படுத்தவர், குறுக்காகப் புரண்டு எவரிஸ்தோவைத் தரையில் தள்ளினார்.

கீழே சக்ராரியோ, “தலையணை! வாடகைத் தலையணை!” என்று கூவினாள். எவரிஸ்தோ பதறிப்போய்ப் பால்கனிக்கு ஓடி, “சத்தம் போடாதம்மா, உள்ள தூங்குறாங்க” என்று கெஞ்சினார்.

காட்சி அமோக வெற்றி. ஒரே ஒரு குறையைத்தான் பார்வையாளர்கள் தெரிவித்திருந்தார்கள்: வீட்டுக்குள் யாரோ ஒருவர் தூங்காமல் நடமாடி இடைஞ்சல் செய்கிறார். அன்னார் உறக்க நேரத்தில் வெளியே இருக்கும்படி உடனே ஆணை வந்தது.

எவரிஸ்தோ தொப்பியை மாட்டிக்கொண்டு, மூன்று மணி வெயிலில் ஊரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். வேறென்ன செய்வது? தெருவெல்லாம் பழைய நகரத்து ஜனங்கள் தொப்பியும் தண்ணீர்ப் புட்டியுமாக அலைந்துகொண்டிருந்தார்கள். அவருக்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்து, அவர்களும் ஆளுக்கொரு பலகை கேட்டு வாங்கியிருந்தார்கள்.